நடைபாதையை அளந்தால் யாருக்கு நோகுது?



மூத்த வகுப்புப் பிள்ளைகள் சிலரோடு அளவுநாடாவும் கொப்பியுமாக நாங்கள் பிரதான வீதியில் நடந்ததைப் பற்றி ஊரில் பல கதை. "ரோட்டை அளந்து என்ன செய்யப் போறீங்க, காசு வந்தா அவங்க கட்டுவாங்க" என்கிறார் ஒருவர். "கடைக்காரன்ட வயித்துல அடிக்கிற வேல" என்கிறார் இன்னொருவர்.

காசு வராமலா இருந்தது? கல் பதித்தார்கள், நாடா வெட்டினார்கள், படமும் போட்டார்கள். அந்த நாடாவுக்குக் கைதட்டியவர்களுக்கு அளவுநாடாவைக் கண்டால் மட்டும் சிரிப்பு வருகிறது. பதித்த கல் எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது, எங்கே கானுக்கு மூடி இல்லை என்று கேட்டுப் பாருங்கள். நாங்கள் கேட்டோம். வீதியின் நீளம் எழுத்தில் இருக்கிறது, காபட் போட்ட ஆண்டு இருக்கிறது, மின்விளக்குகளின் கணக்கும் இருக்கிறது. நடந்து போகிறவர்களுக்கென்று ஒரு வரி இல்லை. எழுத்தில் இல்லாத ஒன்றுக்கு மதிப்பீடு எப்படிப் போடுவார்கள்? அதனால்தான் அடுத்த முறை காசு வந்தாலும் ஏற்கெனவே நல்லாக இருக்கிற சந்தியிலேயே மறுபடி கல் பதிப்பார்கள்.

நாங்கள் அளப்பது நடைபாதையின் அகலத்தை அல்ல, நடக்க மிஞ்சியிருக்கிற அகலத்தை. இரண்டும் வேறு. ஒன்றரை மீற்றர் நடைபாதையின் நடுவில் ஒரு மின்கம்பம் நின்றால் அது ஒன்றரை மீற்றர் இல்லை. சக்கர நாற்காலி ஒன்று போக 90 சென்ரிமீற்றராவது வேண்டும். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சாமான் பையோடு வருகிற உம்மாவுக்கும் அவ்வளவு தேவைதான். ஓரக்கல்லின் உயரம், சரிவு, கான் மூடி, மாரியில் தண்ணீர் தேங்கும் இடம், சுபஹுக்குப் போகிற வயதானவர்களுக்கு வெளிச்சம் இருக்கிறதா என்பதையெல்லாம் இடத்தோடு குறிக்கிறோம். சரிவு 12 அடிக்கு ஓர் அடியை விட ஏறினால் சக்கர நாற்காலிக்காரர் தனியாக ஏறுவது கஷ்டம். நம்மூரில் சில "சரிவுகளில்" சைக்கிளே ஏறாது.

அசையாத தடையையும் அசையக்கூடிய தடையையும் தனித்தனியாக எழுதுகிறோம். கம்பத்தை நகர்த்தக் காசும் கடிதமும் வேண்டும். கடைக்கு வெளியே வைத்த கதிரையை நகர்த்த ஒரு கை போதும். கடைக்காரரின் வயிற்றில் அடிப்பது எங்கள் நோக்கமில்லை. கொப்பியில் கடையின் பெயரே இல்லை, இடமும் அளவும் மட்டும்தான். ஆனால் வயிற்றைப் பற்றிப் பேசுகிறவர்கள் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஒரு தடவை வந்து நில்லுங்கள். நடைபாதையில் பிளாஸ்டிக் சாமானும் மோட்டார் சைக்கிளும், பிள்ளைகள் பஸ்ஸுக்கும் லொறிக்கும் பக்கத்தில். ஜும்ஆ நாளில் பள்ளிவாசலுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பாதையில் கிடக்கிற தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு பகுதி என்று குத்பாவில் கேட்டுவிட்டு, நடைபாதையில் நிறுத்திய வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

இன்னொரு முக்கியமான விசயம், எந்த வீதி யாருடையது என்பது. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி தர வீதிகள் மாகாணத்துக்கு, உள் வீதிகளும் ஒழுங்கைகளும் உள்ளூராட்சி சபைக்கு. இது தெரியாமல் கொடுக்கும் கடிதம் "எங்களுடையதில்லை" என்ற பதிலோடு திரும்பி வரும். எங்கள் அட்டவணையில் இதற்கு ஒரு தனி நிரல்.

இதெல்லாம் நாங்கள் கண்டுபிடித்ததும் இல்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் டி.சி.யில் சுமார் 800 பேர் இணையத்தில் வீதிப் படங்களைப் பார்த்து, தடைகளையும் உடைவுகளையும் 18 மாதத்தில் இரண்டு இலட்சத்துக்கு மேல் குறித்தார்கள். நம் ஒழுங்கைகளைப் படத்தில் பார்க்க முடியாது, காலால்தான் போக வேண்டும். குறித்ததைப் போட ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இருக்கிறது. 2004இல் தொடங்கிய இலவச வரைபடம், யாரும் திருத்தலாம். ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற செயலியை போனில் இறக்கினால், நிற்கிற இடத்தில் நடைபாதை உண்டா, தரை எப்படி என்று அதுவே கேட்கும். டிக்டொக் பார்க்கிற அதே போன்தான்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் 2006இல் அணுகல் வசதி ஒழுங்குவிதிகளும் வந்தன. சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. எந்த இடத்தில் மீறப்படுகிறது என்று காட்டத்தான் நம்மிடம் தாள் இல்லாமல் இருந்தது. அளந்து முடிந்ததும் வரைபடத்தோடு சபைக்குக் கடிதம் கொடுப்போம். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், நடைபாதைக்கு ஒதுக்கிய தொகையையும் செலவழித்த இடத்தையும் கேட்போம். கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் சொல்லியாக வேண்டும்.

பிரதான வீதியின் கடற்கரைப் பக்கம் இன்னும் பாக்கி. சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு பாடசாலை வாசலில் நிற்போம். நாடா எங்களிடம் இருக்கிறது, கொப்பி பிடிக்க ஆட்கள் வேண்டும். பெண்கள் வந்தால் இன்னும் நல்லது, எங்கே நடக்க முடியாது என்று எங்களை விட அவர்களுக்குத்தான் தெரியும். சிரித்தவர்களும் வரலாம்.