ஊசி முடிந்தால் வைத்தியம் முடிந்ததா?

விரைப் புற்றுநோய் என்று கூட்டத்தில் சொன்னால் முன்வரிசை தலை குனிகிறது; பின்வரிசை சிரிக்கிறது. ஆனால் இந்நோய் பெரும்பாலும் 15 முதல் 40 வயதுக்குள்தான் வருகிறது. அதாவது, நம் குடும்பங்களுக்கு உழைத்துச் சோறு போடும் பிள்ளைகளுக்கு!

முன்பெல்லாம் இந்நோய் உடம்பில் பரவிவிட்டால் நூற்றில் பத்துப் பேர் தேறுவதே அரிது. 1974-இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஐன்ஹார்ன் சிஸ்பிளாட்டின் என்ற மருந்தை வேறு இரு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தார். நிலைமை தலைகீழாக மாறியது. இன்று அந்நாட்டில் இந்நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 95 பேர் ஐந்தாண்டு தாண்டி வாழ்கிறார்கள். சிஸ்பிளாட்டின் நம் பரேல் டாடா நினைவு மருத்துவமனையிலும் உண்டு.

பிறகு ஏன் நம்மவர்கள் சாக வேண்டும்? வலியில்லாத கட்டியை வெட்கப்பட்டு மறைப்பது ஒரு காரணம். ஊசி முடிந்ததும் ஆஸ்பத்திரியை மறந்துவிடுவது மற்றொரு காரணம். நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் திரும்புகிறது. ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் அதைக் காட்டிக் கொடுக்கும்; அப்போதே பிடித்தால் மறுபடியும் குணமாக வழியுண்டு. மருந்தினால் சிறுநீரகம், காது, நரம்பு, நுரையீரல் கெட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பிள்ளை வேண்டுவோர் மருந்து ஏற்றுமுன்பே விந்தைச் சேமித்து வைப்பது பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும். ஒரு விரையை எடுத்தால் ஆண்மை போய்விடும் என்பது வீண் பயம்.

"கூலிக்கும் குடியிருப்புக்கும் போராடவே நேரமில்லை, சங்கத்துக்கு இது எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். பரிசோதனைக்குப் போனால் அன்று கூலி இல்லை. மூன்று முறை போனால் வேலையே இல்லை. குணமான மனிதனை ஒருநாள் கூலிக்காகச் சாகவிட்டால், அது கூலிப் பிரச்சினை இல்லையா?

ஊருக்குத் திரும்பியவர்களுக்கு ரயில் செலவும் ஒரு சாக்காக இருக்க வேண்டாம். புற்றுநோயாளிக்கு, மறுபரிசோதனைக்கு வருவதற்கும் ஸ்லீப்பரில் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம். ஆஸ்பத்திரி கையெழுத்திட்ட படிவத்தைக் கவுண்டரில் காட்டுங்கள். ரயில்வேயில் இருக்கும் நாங்கள் சொல்கிறோம்: இது பிச்சையல்ல, உரிமை!

பரிசோதனை நாளுக்குக் கூலியோடு விடுப்பு என்பதை நம் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் எழுதுவோம். நோயாளி சம்மதித்தால், கிளைச் சங்கம் அவருடைய தேதியைக் குறித்துவைத்து, துணைக்கு ஒரு தோழரை அனுப்பட்டும்.

தாய்மார்களே, பிள்ளைகளைக் கேளுங்கள். தோழர்களே, தேதி தவறாதீர்கள்!