நாய்க்கு விலை என்ன?

சட்டப் புத்தகங்களில் மனித சுபாவத்தைக் கூர்ந்து கவனித்து எழுதிய இடங்கள் அபூர்வமாகவே கண்ணில் படும். ஆயினும் 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், திருட்டு இன்னதென்று இலக்கணம் கூறிவிட்டு, அதை விளக்க எடுத்துக்கொண்ட உதாரணங்களுள் இரண்டாவதாக ஒரு நாயைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஒருவன் நாய்க்குப் பிரியமான தீனியைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கிறான். அதை நாடிப் பிறர் நாய் ஒன்று அவனைப் பின்தொடர்கிறது. அபகரிக்கும் எண்ணம் அவன் மனத்தில் இருக்குமானால், நாய் பின்செல்லத் தொடங்கிய அந்தக் கணத்திலேயே திருட்டு பூர்த்தியாகிவிட்டது என்கிறது சட்டம். அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1-ஆம் தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் தன் 303-ஆம் பிரிவில் இவ்வுதாரணத்தை விடாமல் வைத்துக்கொண்டிருக்கிறது. நாயைக் களவாடப் பலாத்காரம் வேண்டியதில்லை, அதன் சிநேகத்தைச் சம்பாதித்தாலே போதும் என்பதை அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள்.

காலையிலும் மாலையிலும் நாயோடு உலாவச் செல்லும் நம்மவர்களுள் பலர் இதை அறிந்ததாகத் தெரியவில்லை. டீக்கடை வாசலில் கம்பத்தில் சங்கிலியை மாட்டிவிட்டு உள்ளே போகிறவர்கள், காதில் பாட்டுக் கருவியைச் செருகிக்கொண்டு கைப்பேசித் திரையில் லயித்தபடி நடக்கிறவர்கள், பத்து வயதுப் பையன் கையில் கயிற்றைக் கொடுத்து விளக்கில்லாத சந்து வழியே அனுப்புகிறவர்கள், கடற்கரைக்குப் போனதும் பட்டையைக் கழற்றிவிட்டு ஓடட்டும் என்று விட்டுவிடுகிறவர்கள் ஆகிய எல்லோரும் நம் நாயை யார் தொடப்போகிறார்கள் என்ற ஒரே நம்பிக்கையில் இருக்கிறார்கள். பக், ஷிட்சு போன்ற சிறு ஜாதி நாய்களை இரு சக்கர வண்டியில் வருகிற இருவர் குனிந்து அள்ளிக்கொண்டு போவதற்கு அதிக நேரம் வேண்டாம். லாப்ரடார் போன்றவையோ அந்நியனைக் கண்டாலும் வாலைக் குழைத்துக்கொண்டு தாமாகவே அருகில் போய் நிற்கும்.

இந்த அலட்சியம் படிப்பில்லாதவர்களுக்கோ நம் நாட்டவர்க்கோ மட்டும் உரியதன்று. 1846 செப்டம்பரில், லண்டன் வியர் வீதியில், ஆங்கிலக் கவிஞர் எலிசபெத் பாரெட் ஒரு கடைக்குள் போய்த் திரும்பி வண்டியில் ஏறினார்; அதுவரை குதிகாலோடு ஒட்டி வந்துகொண்டிருந்த ஃப்ளஷ் என்ற அவருடைய ஸ்பானியல் நாய், அவர் ஏறிய அந்தச் சிறு இடைவெளியில் மறைந்துவிட்டது. அவர் அதைத் திருட்டுக் கொடுப்பது அது மூன்றாவது முறை. நாயைப் பிடித்துவைத்துப் பணம் கறப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு கும்பல் அந்நகரில் இருந்தது. அவரை மணக்க இருந்த கவிஞர் ராபர்ட் பிரௌனிங், இத்தகைய பாதகர்களுக்குக் காசு கொடுப்பது அநீதியை வளர்ப்பதாகும் என்று வாதாடினார். அம்மையாரோ ஆறு கினி கொடுத்து நாயை மீட்டு, சில நாட்களில் திருமணம் முடித்துக்கொண்டு அதையும் கூட்டிக்கொண்டு இத்தாலிக்குப் புறப்பட்டுவிட்டார். தர்க்கத்தில் பிரௌனிங் பக்கமே நியாயம் இருக்கிறது என்றாலும், நாய் வளர்த்தவர்கள் யாரும் அம்மையாரைக் குறை சொல்ல மாட்டார்கள்.

ஆகவே கயிறு கையை விட்டு நீங்கலாகாது என்பதே முதற்காரியம். நழுவிவிடும் கழுத்துப் பட்டையைக் காட்டிலும் மார்போடு சேர்த்துக் கட்டும் பட்டை உத்தமம். பட்டையில் தொலைபேசி எண்ணைப் பொறிக்கலாம். நாயின் பெயரைப் பொறிப்பது அனாவசியம், ஏனெனில் பெயர் சொல்லி அழைக்கிறவனை நாய் வேண்டியவன் என்றே எண்ணிக்கொள்ளும். தினமும் ஒரே வேளையில் ஒரே வீதியில் போகாமலிருப்பதும் நல்லது. எல்லாவற்றினும் முக்கியமாக, நடுவழியில் நிறுத்தி, "என்ன விலைக்கு வாங்கினீங்க சார்? பெண்ணா? குட்டி போட்டிருக்கா? வீடு எங்கே?" என்று அடுக்கிக்கொண்டு போகிறவரிடம் புன்னகையோடு பேச்சை முடித்துக்கொண்டு நடையைக் கட்ட வேண்டும். கேட்பவர்களில் பெரும்பாலோர் வெள்ளை மனத்தினர்தான். ஆனால் விலையைப் பறைசாற்றுவதில் நமக்குள்ள சந்தோஷம் அவர்களோடு நின்றுவிடுவதில்லை.

ஆயுதத்தோடு எவனாவது எதிர்ப்பட்டால் கயிற்றை விட்டுவிட வேண்டும் என்பதே என் திடமான அபிப்பிராயம். 2021 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில், லேடி காகா என்ற பாடகியின் மூன்று நாய்களை உலாவ அழைத்துச் சென்ற பணியாளர் திருடர்களோடு மல்லுக்கட்ட, அவர் மார்பில் துப்பாக்கியால் சுட்டுவிட்டு இரண்டு பிரெஞ்சு புல்டாக்குகளைக் கொண்டுபோனார்கள். அவர் உயிர் தப்பியது பெரும் பாக்கியம். நாய்கள் இரண்டு நாளில் திரும்பி வந்தன. ஐந்து லட்சம் டாலர் சன்மானம் அறிவிக்கப்பட்டிருந்தது. அவற்றைக் கொண்டுவந்து ஒப்படைத்த பெண்மணியே பின்னர் அவ்வழக்கில் குற்றம் சாட்டப்பட்டார். ஆதலால் நாயைக் கண்டதாகச் சொல்லி முன்பணம் கேட்கும் குரலை நம்பித் தனியாகப் புறப்படக் கூடாது. விளம்பரத்தில் எல்லா அடையாளங்களையும் கொட்டிவிடாமல் ஒரு மச்சத்தையோ தழும்பையோ சோதனைக்கென்று மறைத்துவைக்க வேண்டும்.

மைக்ரோசிப் போட்டிருக்கிறோமே என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். தோலுக்கடியில் செலுத்தும் அந்த அரிசி மணியளவு சில்லு பதினைந்து இலக்க எண் ஒன்றைச் சுமப்பதேயன்றி, நாய் எங்கே இருக்கிறது என்று சொல்லும் கருவியன்று. கண்டெடுத்த நாய் யாருடையது என்று தகராறு வரும்போதுதான் அது பிரயோஜனப்படும். அதுவும் நம் விலாசமும் தொலைபேசி எண்ணும் பதிவில் சரியாக இருந்தால் மட்டுமே.

இத்தனைக்கும் பிறகு நாய் பறிபோய்ப் போலீஸ் நிலையத்துக்குப் போனால், வழியில் அந்நியன் கேட்ட அதே கேள்வியைச் சட்டமும் கேட்கிறது. திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறை என்பது பொது விதி. ஆனால் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதன்முறை குற்றம் செய்தவன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், சமூக சேவையே தண்டனை. அத்தகைய திருட்டைப் புதிய நடைமுறைச் சட்டம், மாஜிஸ்திரேட்டின் உத்தரவின்றிப் போலீசார் புலன்விசாரணை செய்யக்கூடாத குற்றங்களின் வரிசையில் சேர்த்திருக்கிறது. பல்லாயிரம் கொடுத்து வாங்கிய வெளிநாட்டு ஜாதி நாய்க்காக வழக்குப் பதியலாம். மழையில் நனைந்து கிடந்த தெருக்குட்டியை எடுத்துவந்து எட்டு வருஷம் வளர்த்த கிழவர், புகார் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது கிடைக்காதா என்று பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சில்லறைத் திருட்டுகளுக்கு இந்த வரம்பு நியாயமானதே; உயிருள்ள பிராணியை அதற்குள் அடக்கியதுதான் பிழை.

இங்கிலாந்தும் நெடுங்காலம் நாயை உடைமையாகவே கருதி வந்த தேசந்தான். 2024-இல் அங்கே இயற்றப்பட்டு, இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் நடைமுறைக்கு வந்துள்ள செல்லப்பிராணிக் கடத்தல் சட்டம், நாயையும் பூனையையும் கவர்ந்து செல்வதைத் தனிக் குற்றமாக்கி, விலையைப் பற்றிய பேச்சே இல்லாமல் ஐந்தாண்டு வரை சிறை விதிக்க வழி செய்திருக்கிறது. நமக்கு அவ்வளவு பெரிய புதுச் சட்டம் கூட வேண்டாம். 5,000 ரூபாய் வரம்பு வளர்ப்புப் பிராணிகளுக்குப் பொருந்தாது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். குற்றவியல் சட்டம் பொதுப் பட்டியலில் இருப்பதால், குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு உட்பட்டு அந்த வரியைத் தமிழகச் சட்டமன்றமே சேர்க்கலாம்.