இறக்க முடியாத கோபுரம் எதற்கு?

சொந்தமாகக் காற்றாடி செய்து மின்சாரம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் இறக்கையைப் பற்றியும் காந்தத்தைப் பற்றியும்தான். மர இறக்கையா, ஃபைபரா? எத்தனை காந்தம்? காயிலுக்கு எத்தனை சுற்று? கோபுரத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. "அது ஒரு பைப்தானே சார், வெல்டர் பார்த்துக்கொள்வார்" என்று முடித்துவிடுகிறார்கள். இந்த அலட்சியத்தோடுதான் எனக்குச் சண்டை.

என் கட்சி இதுதான். தரையில் நின்றபடியே இரண்டு பேர் சாய்த்து இறக்கவும், திரும்ப நிமிர்த்தவும் முடியாத கோபுரத்தின் மேல் வீட்டில் செய்த காற்றாடியை ஏற்றவே கூடாது. போர்வெல் மோட்டாரை உள்ளே இறக்கும்போதே வெளியே எடுக்க வழி வைத்துத்தானே இறக்குகிறோம்? பூமிக்குள் போகிற மோட்டாருக்கு இருக்கும் அந்தப் புத்தி, வானத்தில் ஏறுகிற மோட்டாருக்கு மட்டும் ஏன் இல்லை?

முதலில் மொட்டைமாடிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மாடியில் பத்தடி பைப்பை நட்டு அதன் மேல் காற்றாடியை வைத்தால் கோபுரச் செலவு மிச்சம் என்று நினைக்கிறார்கள். காற்றின் சக்தி அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும், இறங்கும். வினாடிக்கு 5 மீட்டர் காற்று 4 மீட்டராகக் குறைந்தால் 125 என்பது 64 ஆகிவிடும், அதாவது பாதி போச்சு. வீட்டின் மேல் மோதி வரும் காற்று வேகம் குறைந்தது மட்டுமல்ல, சுழன்று சுழன்று வரும். காற்றாடி நிலைகொள்ளாமல் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும். அந்த அதிர்வு பைப் வழியாகத் தளத்தில் இறங்கும். இறக்கையின் அடி நுனி, சுற்றி 300 அடிக்குள் இருக்கும் எதையும்விட 30 அடி உயரத்தில் இருக்க வேண்டும் என்பது இந்தத் துறையில் பழைய விதி. ஆள் உயரத்துக்கு மேல் எதுவும் இல்லாத வெட்டவெளியில், எட்டடி விட்டமுள்ள காற்றாடிக்கு 40 அடிக் கோபுரம் இதற்குச் சரியாக இருக்கும். வீடோ தென்னையோ பக்கத்தில் இருந்தால் இன்னும் உயரம் வேண்டும்.

உயரம் என்றதும் அடுத்த கூட்டம் வருகிறது. கான்கிரீட்டில் நட்ட நிலைக்கம்பம், ஏறுவதற்குப் படிக்கம்பிகள். "முப்பந்தலில் எல்லாம் நிரந்தரக் கோபுரம்தானே?" என்று கேட்கிறார்கள். ஐயா, அந்தப் பெரிய காற்றாலைகளில் கோபுரத்துக்கு உள்ளேயே ஏணி இருக்கிறது, பிரேக் இருக்கிறது. பெல்ட் கட்டிப் பயிற்சி பெற்றவர்கள் ஏறுகிறார்கள். நம் தோட்டத்தில் யார் ஏறுவது? எங்கள் பக்கம் ஒரு தோட்டத்தில் நட்டு லூசாகிச் சத்தம் வருகிறது என்று வேலைக்கு இருந்த பையனை 35 அடிக் கம்பத்தில் ஏற்றினார்கள். இடுப்பில் கயிறுகூட இல்லை. காற்று திசை மாறியதும் காற்றாடி தலையைத் திருப்பியது, இறக்கை தோளில் அடித்தது. உயிர் பிழைத்தான். இன்றும் அவனால் வலது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. கோபுரத்தில் மிச்சம் பிடித்த காசுக்கு விலை கொடுத்தது அவன் தோள்பட்டை.

ஏற ஆள் இல்லாத இடங்களில் வேறு கதை. யாருமே பார்ப்பதில்லை. பேரிங்குக்கு கிரீஸ் போகாது. இறக்கையின் முன் ஓரம் தூசியிலும் மழையிலும் அரிக்கும், பெயின்ட் விழாது. வால் கீல் தேயும். மூன்றாம் வருடம் நின்றுபோன காற்றாடியைக் காட்டி, "இதெல்லாம் நம் ஊருக்கு ஒத்துவராது" என்பார்கள். ஒத்துவராதது காற்றாடி இல்லை, கோபுரம்.

நம் ஊருக்கு இறக்கும் கோபுரம் மற்ற எவருக்கும்விட நன்றாகப் பொருந்தும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று மே முதல் செப்டம்பர் வரைதான் வெளுத்து வாங்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்றது சும்மா இல்லை. வருடத்து மின்சாரத்தில் பெரும்பங்கு அந்த ஐந்து மாதங்களில் வந்துவிடும். அதன் பிறகு ஐப்பசி, கார்த்திகை: காற்று குறைவு, புயல் பயம் அதிகம். வேகம் இரண்டு மடங்கானால் கோபுரத்தைத் தள்ளும் விசை நான்கு மடங்கு. ஆகவே ஐப்பசியில் இறக்கு, கிரீஸ் வை, பெயின்ட் அடி, சித்திரையில் ஏற்று. ஒக்கி 2017 நவம்பர் 30 அன்று திடீரெனப் புயலாக வலுத்துக் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்களைச் சாய்த்தது. என் காற்றாடி அப்போது ஐந்து வாரமாகத் தரையில் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தது. எச்சரிக்கை வந்து ஓடிப்போய் இறக்குவதை நம்பவில்லை, காலண்டரை நம்பினேன்.

"செய்வது கஷ்டம்" என்பவர்களுக்கு: 20 அடி நீளமுள்ள மூன்று அங்குல ஜி.ஐ. பைப் இரண்டைச் சேர்த்தால் 40 அடி. அடியில் ஒரு கீல். நாலு பக்கமும் இரண்டு மட்டத்தில் ஸ்டே கம்பி, 20 அடி தள்ளி நாலு கான்கிரீட் ஆங்கர். கோபுரத்துக்குச் செங்குத்தாக அடியிலிருந்து இன்னொரு 20 அடி பைப், அதுதான் நெம்புகோல். அதன் நுனியைக் கை வின்ச்சால் இழுத்தால் கோபுரம் நிமிரும். பைப் 100 கிலோ, காற்றாடி 50 கிலோ என்றால் தரையிலிருந்து முதல் இழுப்பில் கயிற்றில் கிட்டத்தட்ட 300 கிலோ. காசு மிச்சம் என்று நெம்புகோலைப் பத்தடியாக வெட்டினால் அது 450 கிலோவுக்குப் போகும்.

வெல்டர் சொல்லாத விஷயம் ஒன்று. பக்கவாட்டு ஆங்கர் இரண்டும் கீலின் அச்சுக்கு நேர்கோட்டில், அதே மட்டத்தில் இருக்க வேண்டும். தவறினால் ஏற்றும்போது ஒரு பக்கக் கம்பி முறுகும், மறுபக்கம் தொளதொளக்கும், பைப் வளையும். இதற்குத் தேவை டியூப் லெவலும் ஒரு நூலும்தான். டிராக்டர் வைத்து இழுக்கவே வேண்டாம்; அதற்கு நிதானம் தெரியாது. காற்றில்லாத காலையில் செய்யுங்கள். இறக்கும் முன் ஜெனரேட்டரின் மூன்று வயரையும் ஒன்றாக ஷார்ட் செய்யுங்கள், சுழல்வது அடங்கும். கோபுரம் விழக்கூடிய வழியில் ஒருவரும் நிற்கக் கூடாது.

எதிர்வாதம் இருக்கிறது. ஸ்டே கம்பிகள் இடத்தை அடைக்கும், மாடு தடுக்கும். உண்மைதான், கம்பியின் அடியில் மஞ்சள் பைப்பை மாட்டிவிடலாம். சாய்க்க 40 அடிக்குக் காலி இடம் வேண்டும். அதுவும் உண்மை, அந்த இடம் இல்லாதவர் சோலார் போட்டுக்கொள்வதே நல்லது. நிறையப் பேருக்கு சோலார்தான் மலிவும்கூட. ஆனால் காற்றாடிதான் வேண்டும் என்று இறங்குபவர், வீட்டுக் காற்றாடிக்காரர்கள் குருவாக மதிக்கும் ஹியூ பிகாட்டைப் பார்க்கட்டும். சாலையே போகாத ஸ்காட்லாந்தின் ஸ்கோரெய்க்கில், கிரேன் வர வழியில்லாத இடத்தில், அவர் சாய்க்கும் கோபுரங்களை வைத்துத்தான் காலம் தள்ளினார்.

இனி யாராவது உங்களுக்குக் காற்றாடி விற்க வந்தால் எத்தனை வாட் என்று கேட்காதீர்கள். "இதை இறக்கிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். காட்ட முடியாதவரை டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.