பங்கு பிரித்தால் பாதை முடியாது

கையில் பத்து இலட்சம் ரூபாவை வைத்துக்கொண்டு கடை கட்டத் தொடங்கும் ஒரு வியாபாரி, இரண்டு இலட்சத்துக்கு அத்திவாரம், இரண்டு இலட்சத்துக்குக் கதவு, இரண்டு இலட்சத்துக்குக் கண்ணாடி அலுமாரி, இரண்டு இலட்சத்துக்குப் பெயர்ப்பலகை, மிகுதிக்குச் சாமான் எனச் சமமாகப் பிரிப்பாரா? ஒருபோதும் மாட்டார். கூரை இல்லாத கடைக்குக் கதவு எதற்கு என்பது அவருக்குத் தெரியும். முதலில் எது, அடுத்தது எது, எது முடிந்தால் கல்லாவில் பணம் விழும் என்பதை வரிசைப்படுத்தித்தான் அவர் முதல் போடுவார்.

ஆனால் அதே வியாபாரி செலுத்தும் வரிப்பணம் ஊர்ப் பாதைக்கும் வடிகானுக்கும் செலவாகும்போது, இந்தக் கணக்கு பெரும்பாலும் தலைகீழாகிவிடுகிறது. பல உள்ளூராட்சி சபைகளில் வழக்கமாகிவிட்ட இந்த நிலைமையைப் பற்றி எமது வர்த்தகர்கள் சிந்திக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேலிருந்து வந்த அபிவிருத்தி

பல்லேகலயை எடுத்துக்கொள்வோம். கண்டியிலிருந்து மஹியங்கனை செல்லும் ஏ 26 வீதியில், குண்டசாலைக்கும் திகனைக்கும் இடையிலுள்ள இப்பிரதேசத்துக்குப் பெரிய முதலீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. முதலீட்டுச் சபையின் கைத்தொழில் வலயம் வந்தது. மத்திய மாகாண சபையின் காரியாலயங்கள் வந்தன. 2009 இல் சர்வதேச கிரிக்கெட் மைதானம் திறக்கப்பட்டது. 2011 உலகக் கிண்ணப் போட்டிகளும் இங்கு நடந்தன.

இவை யாவும் கொழும்பிலிருந்தோ மாகாணத்திலிருந்தோ தீர்மானிக்கப்பட்ட வேலைகள். அவற்றால் வியாபாரம் வளர்ந்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் ஒவ்வொரு பெரிய கட்டடமும் வாகன நெரிசலையும், கூரையிலிருந்தும் முற்றத்திலிருந்தும் ஓடிவரும் மழைநீரையும், குப்பையையும் கூடவே கொண்டுவருகிறது. அந்தச் சுமை இறுதியில் விழுவது பக்கத்துச் சிறு ஒழுங்கைகளிலும் பழைய வடிகான்களிலும்தான். அவற்றுக்குப் பொறுப்பு சிறிய வருமானத்தை உடைய பிரதேச சபையாகும்.

யாருடைய வீதி?

இங்கே ஒரு விடயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சி, டி தர வீதிகள் மாகாண நிருவாகத்தைச் சேர்ந்தவை. எஞ்சியுள்ள ஊர்ப் பாதைகளும் ஒழுங்கைகளும் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை ஆகியவற்றின் கையில் உள்ளன. ஆகவே கண்டி நகருக்குள் இருக்கும் ஒழுங்கைக்கு மாநகர சபையிடமும், பல்லேகலயின் ஒழுங்கைக்குக் குண்டசாலைப் பிரதேச சபையிடமும் போக வேண்டும். பிரதான வீதியோர வடிகான் அடைத்துக்கொண்டால் பிரதேச சபையில் போய்ச் சத்தமிடுவதில் பயனில்லை. அதற்கான கதவு வேறு.

ஆனால் தண்ணீர் இந்த எல்லைகளைப் பார்ப்பதில்லை. மேட்டிலுள்ள ஊர்ப் பாதையில் ஓடும் மழைநீர் மாகாண வீதியைக் கடந்து, பிரதான வீதியின் வடிகானில் விழுந்து, கடைசியில் மகாவலியைச் சேர வேண்டும். நடுவில் ஓரிடத்தில் வழி அடைபட்டால் கடைக்குள்தான் தண்ணீர் வரும்.

பத்து இலட்சக் கணக்கு

ஒரு சபையின் வரவு செலவுத் திட்டத்தில் இரண்டு வகைச் செலவுகள் உள்ளன. சம்பளம், எரிபொருள், கரண்ட் பில் போன்றவை வருடாவருடம் திரும்பத் திரும்ப வரும் செலவு. பாதை, வடிகான், பாலம், சந்தைக் கட்டடம் போன்று பல வருடங்களுக்குப் பலன் தருபவை மூலதனச் செலவு. சபைகளின் வருமானத்தில் பெரும்பகுதி முதல் வகைக்கே போய்விடுவதால், இரண்டாவது வகைக்கு மிஞ்சுவது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தைத்தான் பங்கு போடுகிறார்கள்.

உதாரணத்துக்கு ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு சபையில் 30 உறுப்பினர்கள். மூலதன வேலைக்கு 3 கோடி ரூபா இருக்கிறது. ஆளுக்குப் பத்து இலட்சம் வீதம் ஒதுக்கினால் எல்லோரும் திருப்தியடைவார்கள். கை உயர்த்தி வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றுவார்கள். ஆனால் 600 மீற்றர் வடிகானுக்கு 60 இலட்சம் தேவைப்படுகிறது. பத்து இலட்சத்துக்கு 100 மீற்றர்தான் வரும். வருடத்துக்கு 100 மீற்றர் வீதம் ஆறு வருடங்கள் போகும். ஆறாவது துண்டு கட்டப்படும்போது முதலாவது துண்டு மண் மூடிக் கிடக்கும். இடையில் சபையின் தவணையும் முடிந்துவிடும். இதற்கிடையில் எந்த மழையிலும் அந்த வடிகான் முழுமையாகத் தண்ணீரைக் கொண்டுபோயிருக்காது.

2018 இல் முதன்முறையாக நடைமுறைக்கு வந்த கலப்புத் தேர்தல் முறையால் நாடு முழுவதும் உள்ளூராட்சி உறுப்பினர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பானது. வட்டாரத்தில் வென்றவர்களோடு பட்டியலில் வந்தவர்களும் சேர்ந்தார்கள். பங்காளிகள் கூடினால் பங்கு சிறுத்துவிடும் என்பதை வியாபாரிகளுக்கு விளக்கத் தேவையில்லை.

நியாயம் என்ற கேள்வி

பங்கு பிரிப்பதை ஆதரிப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. “எல்லாப் பணத்தையும் ஒரே இடத்தில் கொட்டினால் செல்வாக்குள்ளவரின் வட்டாரம் மட்டும் பளபளக்கும், சிறிய ஊருக்கு ஒன்றும் கிடைக்காது” என்கிறார்கள். சிறுபான்மையாக வாழும் எமக்கு இந்தப் பயம் நன்றாகவே புரியும். ஆனால் அதற்கு மருந்து துண்டு துண்டாக வெட்டுவதல்ல. எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரே பட்டியலே மருந்து.

எத்தனை குடும்பங்கள் பாவிக்கும் பாதை, மழைக்கு எத்தனை வீடும் கடையும் பாதிக்கப்படுகின்றன, பாடசாலைக்கோ வைத்தியசாலைக்கோ போகும் வழியா, ஏற்கெனவே தொடங்கி இடைநடுவில் நிற்கும் வேலையா என்று நாலைந்து அளவுகோல்களை வைத்துப் புள்ளி கொடுத்து வரிசைப்படுத்தலாம். இந்த வருடம் முதல் ஐந்து வேலைகள், அடுத்த வருடம் அடுத்த ஐந்து என்று நான்கு வருடத்துக்கான பட்டியலைச் சபைச் சுவரில் ஒட்டலாம். தன் ஊர் மூன்றாவது வருடத்தில் வருகிறது என்று எழுத்தில் தெரிந்தால் மனிதன் பொறுத்திருப்பான். எப்போது வரும் என்றே தெரியாதபோதுதான் சண்டை பிடிக்கிறான். சிறு திருத்தங்களுக்கென ஒரு பகுதியை எல்லா வட்டாரங்களுக்கும் பொதுவாக ஒதுக்கிவைப்பதிலும் தவறில்லை.

எமது அயலிலுள்ள கேரளம் 1996 இல் மக்கள் திட்டத்தை ஆரம்பித்து, மாநிலத்தின் திட்டப் பணத்தில் 35 முதல் 40 வீதம் வரை உள்ளூராட்சி சபைகளிடம் ஒப்படைத்தது. ஊர்க் கூட்டங்களில் மக்களே தேவைகளைச் சொன்னார்கள். பெரும் பாராட்டுப் பெற்ற அத்திட்டத்திலும், பணம் வட்டாரம் வட்டாரமாகச் சமமாகப் பிரிக்கப்பட்டுச் சிறுசிறு வேலைகளில் கரைந்துபோகிறது என்ற விமர்சனம் எழுந்தது. அதிகாரமும் பணமும் கீழே வந்தால் மட்டும் போதாது, வரிசைப்படுத்தும் ஒழுக்கமும் வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

வேலையின் ஒழுங்கு

எதை முதலில் செய்வது என்பதைப் போலவே, எந்த ஒழுங்கில் செய்வது என்பதும் முக்கியம். முதலில் தண்ணீர்க் குழாய், பிறகு வடிகான், கடைசியில்தான் பாதை. இந்த ஒழுங்கு பிழைத்தால், கொங்கிரீட் போட்டு மாதம் முடிவதற்குள் குழாய் பதிக்கப் பாதையை வெட்டுவார்கள். சபையும் நீர் வழங்கல் சபையும் வருட ஆரம்பத்தில் ஒரே மேசையில் அமர்ந்து தத்தமது பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்த்தாலே இந்த வீண்செலவு பெருமளவு குறையும்.

தாமதத்தின் விலையையும் நாம் கண்டிருக்கிறோம். 2021 இல் ஆயிரம் ரூபா அளவில் இருந்த சீமெந்து மூடை 2022 இல் மூவாயிரத்தைத் தாண்டியது. அடுத்த வருடம் முடிப்போம் என்று பாதியில் விட்ட வேலைகளுக்கு மீண்டும் விலை கணிக்க வேண்டியதாயிற்று. முடிந்த வேலைக்கு மட்டுமே விலைவாசி ஏறாது.

கட்டியதைப் பராமரிப்பதும் இதில் அடங்கும். வருடத்துக்கு இரண்டு முறை மண் அள்ளப்படாத வடிகான், பணம் செலவழித்துக் கட்டிய குப்பைத்தொட்டியே. வெளிநாட்டுக் கடனில் கண்டி நகருக்குப் பெரிய வேலைகள் வந்தாலும், அவற்றைத் துப்புரவாக வைத்திருப்பது திட்டக் காரியாலயம் மூடப்பட்ட பின்னர் உள்ளூர்ப் பணத்தில்தான் நடக்க வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது, மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒன்றாகக் கண்டி இருந்தது. அந்த அளவு மழையை எந்த வடிகானும் தாங்கியிராது என்பது உண்மையே. ஆனால் மலைநாட்டில் மழைநீருக்கு வழிவிடுவது அலங்கார வேலையல்ல, உயிர் காக்கும் வேலை என்பதை அது எல்லோருக்கும் உணர்த்திவிட்டது.

எமது பங்கு என்ன?

சபையைக் குறை சொல்வது இலகு. எமது கடை வாசலையும் சற்றுப் பார்க்க வேண்டும். வடிகானுக்கு மேல் படிக்கட்டு கட்டியவர், சிலாப் போட்டு மூடிச் சாமான் அடுக்கியவர், மாலையில் கடையைக் கூட்டி வடிகானுக்குள் தள்ளுபவர் எல்லோரும் எம்மில் இருக்கிறார்கள். மூடிய வடிகானை எந்த ஊழியராலும் துப்புரவு செய்ய முடியாது.

இரண்டாவது, வரி. ஆதன வரியை வருடம் முழுவதற்கும் சேர்த்து ஜனவரி 31 க்கு முன் செலுத்தினால் 10 வீதக் கழிவு கிடைப்பது வழமை. அது எமக்கும் இலாபம், வருட ஆரம்பத்திலேயே பணம் கையில் கிடைப்பதால் சபைக்கும் இலாபம். பல சபைகளில் ஆதனங்களின் மதிப்பீடு பல வருடங்களாகப் புதுப்பிக்கப்படாமல் கிடக்கிறது. புதுப்பித்தால் எமது வரி கூடும் என்பது கசப்பான உண்மை. கூடும் தொகை எந்த வேலைக்குப் போகிறது என்பதை எழுத்தில் காட்டினால் அதைச் செலுத்தத் தயார் என்று வியாபாரிகள் சொல்வதே நேர்மையான பேரமாகும்.

மூன்றாவது, கேட்பது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், மூலதன வேலைகளின் பட்டியலையும் ஒவ்வொன்றின் செலவையும் எந்தப் பிரசையும் கேட்டுப் பெறலாம். சபையின் குழுக்களில் உறுப்பினரல்லாத ஊர்வாசிகளைச் சேர்த்துக்கொள்ளவும் பிரதேச சபைச் சட்டம் இடமளிக்கிறது. இந்தக் கதவுகளை எமது வர்த்தகர்கள் தட்டுவது அரிது.

தட்டும்போது தனியாகப் போகக் கூடாது. 2018 மார்ச்சில் திகனையிலும் அதைச் சூழவுள்ள பகுதிகளிலும் எமது கடைகள் எரிந்ததை மறந்துவிட முடியாது. அதே வீதியில் சிங்களச் சகோதரர்களின் கடைகளுக்குள்ளும் அதே மழைநீர்தான் புகுகிறது. முஸ்லிம் கடைகளுக்கு ஒரு கோரிக்கை, சிங்களக் கடைகளுக்கு ஒரு கோரிக்கை என்று போனால் மீண்டும் பங்கு பிரிப்பில்தான் போய் முடியும். ஒரு வீதியின் கடைக்காரர்கள் அனைவரும் கையெழுத்திட்டு, எமது வடிகான் முழுவதும் ஒரே வருடத்தில் முடிய வேண்டும் என்று கேட்டால் அதன் கனம் வேறு. சேர்ந்து கேட்கப் பழகியவர்கள் ஒருவரையொருவர் அறிந்தும் கொள்வார்கள்.

2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்த பின்னர் இரண்டு வருடங்களுக்கும் மேலாகத் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்கள் இருக்கவில்லை. 2025 மே 6 ஆம் திகதித் தேர்தலில் வந்த சபைகள் தாமே தயாரித்த முதல் வரவு செலவுத் திட்டம் 2026 க்கானது. அடுத்தடுத்த வருடங்களுக்கானவை இனித்தான் வரவுள்ளன. டிசம்பரில் வாக்கெடுப்பு முடிந்த பிறகு முறையிட்டுப் பலனில்லை. ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களிலேயே தவிசாளரையும் வட்டார உறுப்பினரையும் சந்தித்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இடைநடுவில் நிற்கும் வேலைகள் எவை? அடுத்த வருடம் முழுமையாக முடியப்போகும் வேலைகள் எவை? முடிந்தவற்றைப் பராமரிக்க எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்?

பதிலை எழுத்தில் வாங்கி, கணக்குப் புத்தகத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் அதே நாளில் அந்தத் தாளோடு மீண்டும் போக வேண்டும்.