பாசுரம் நினைவிருக்கிறது, காஸ் பணம்?

ஸ்ரீபெரும்புதூரில், ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று இருக்கிறது. மகனுக்கு ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையில் வேலை. ஒரு வாரம் பகல் ஷிப்டு, ஒரு வாரம் ராத்திரி ஷிப்டு. ஆகவே, பெரும்பாலும் வீட்டில் மருமகளுக்கு மாமியார் துணை, மாமியாருக்கு மருமகள் துணை. பேசிக்கொள்ளும் நாளும் உண்டு. பேசாத நாளும் உண்டு!

சென்ற மார்கழியில் அங்கே போயிருந்தேன். 78 வயதுப் பாட்டி, திருப்பாவை 30 பாட்டையும் ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடித்தார். எனக்கு ஒரே ஆச்சரியம். மருமகள் முகத்திலோ கோபம்.

"கேட்டீங்களா? முப்பது பாட்டும் மறக்கலை. ஆனா, 'அத்தை, பதினோரு மணிக்கு காஸ் வரும், அரிசி டப்பா மேலே பணம் வச்சிருக்கேன்'னு காலையிலே படிச்சுப் படிச்சுச் சொன்னேன். நான் கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ளே, பணம் இல்லைன்னு ஆளைத் திருப்பி அனுப்பிட்டாங்க. இது மறதியா, வேணும்னே செய்யறதா?"

"நீ சொல்லவே இல்லையேம்மா" என்றார் பாட்டி. கண் கலங்கிவிட்டது.

எத்தனை வீடுகளில் நடக்கும் வழக்கு இது! தீர்ப்பு யார் பக்கம்? மூளை சாஸ்திரத்தைக் கேட்டால், இருவருமே பொய் சொல்லவில்லை என்கிறது.

நம் மூளையில் இரண்டு பக்கமும், காதுக்கு நேர் உள்ளே, கடல் குதிரையைப் போல் வளைந்த ஒரு சிறு பகுதி இருக்கிறது. அதற்குப் பெயர் ஹிப்போகாம்பஸ். ஒரகடத்துத் தொழிற்சாலை வாசலில் லாரிகள் வந்து நிற்கின்றன அல்லவா? வாசலில் பதிவு செய்துகொண்டால்தான் சரக்கு கிடங்குக்குள் போகும். புதிய நினைவுகளுக்கு இந்தக் கடல் குதிரைதான் வாசல் குமாஸ்தா. பல வருஷம் சொல்லிச் சொல்லிப் பழகிய பாசுரமோ, எப்போதோ கிடங்குக்குள் போய், மூளையின் மேற்பரப்பெங்கும் நன்றாக அடுக்கப்பட்டுவிட்ட சரக்கு. குமாஸ்தா தளர்ந்தாலும் அது சுலபத்தில் கெடுவதில்லை.

இதை உலகுக்குக் காட்டியவர் அமெரிக்காவில் வாழ்ந்த ஹென்றி மோலேசன். வலிப்பு நோய் தீரவேண்டுமென்று 1953-ல் அவருக்கு ஆபரேஷன் செய்து, இரண்டு பக்கத்து ஹிப்போகாம்பஸிலும் பெரும் பகுதியை எடுத்துவிட்டார்கள். இளமையில் நடந்தவை பல அவருக்கு நினைவிருந்தன. ஆனால் சற்று முன் பேசிவிட்டுப் போன டாக்டர் திரும்பி வந்தால், புது மனிதரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். 2008-ல் காலமாகும் வரையில் அப்படித்தான்.

முதுமையில் இந்தப் பகுதி வருஷத்துக்கு 1 முதல் 2 சதவிகிதம் வரை சுருங்குகிறது என்பது கணக்கு. அதிலும் இடது பக்கத்துக்குச் சொற்களின் நினைவோடு நெருங்கிய சம்பந்தம். டாக்டர்கள் 15 வார்த்தைகளை வாசித்துக் காட்டி, அரை மணி கழித்து எத்தனை நினைவிருக்கிறது என்று கேட்பது இதற்காகத்தான்.

அப்படியானால், மனப்பாடம் செய்தால் மூளை வளருமா? 1017-ல் ராமானுஜர் அவதரித்த ஊரில் கேட்கவேண்டிய கேள்விதான்! தில்லிக்கு அருகே மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில், யஜுர் வேதம் ஓதும் 21 பண்டிதர்களின் மூளையைப் படம் எடுத்தார்கள். சாதாரணமாகப் படித்த வேறு 21 பேருடன் ஒப்பிட்டார்கள். பண்டிதர்களுக்கு மூளையின் பல இடங்களில் சாம்பல் நிறப் பகுதி 10 சதவிகிதத்துக்கு மேல் அதிகமாக இருந்ததாம். வலது ஹிப்போகாம்பஸும் அப்படியே. 2016-ல் வெளியான செய்தி இது. ஆனால் அவசரப்படக் கூடாது. ஓதியதால் வளர்ந்ததா, வளமான மூளை உள்ளவர்களே அந்த வித்தையில் நிலைத்தார்களா என்பதை ஒரே ஒரு படம் சொல்லிவிடாது. தவிர, அவர்கள் இளைஞர்கள், பாட்டிகள் அல்ல.

பாட்டிகளுக்கு ஏற்ற செய்தி 2011-ல் அமெரிக்காவிலிருந்து வந்தது. 55 முதல் 80 வயது வரை உள்ள 120 பேரில் பாதிப் பேரை வாரம் மூன்று நாள், 40 நிமிஷம் நடக்கச் சொன்னார்கள். ஒரு வருஷத்தில் அவர்களுடைய ஹிப்போகாம்பஸ் சுமார் 2 சதவிகிதம் பெரிதாயிற்று. நடக்காமல் கை காலை மட்டும் நீட்டி மடக்கியவர்களுக்குச் சுருங்கிற்று. பின்னால் வந்த ஆராய்ச்சிகள் எல்லாம் இதை ஒரே குரலில் ஆமோதிக்கவில்லை. இருந்தாலும், நடந்து கெட்டவர் யார்?

எல்லா மறதியும் மூப்பு அல்ல. தைராய்டு கோளாறு, பி12 விட்டமின் குறைவு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை, காது மந்தம் இவையும் மறதியைக் கொண்டுவரும், சிகிச்சைக்கும் வசப்படும். அதே சமயம், 60 வயது தாண்டிய இந்தியர்களில் சுமார் 7.4 சதவிகிதம் பேருக்கு டிமென்ஷியா என்னும் மறதி நோய் இருக்கலாம் என்று 2023-ல் ஒரு மதிப்பீடு வெளியாயிற்று. அதில் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டால், பழகிய தெருவில் வழி தவறினால், அடுப்பை மறந்துவிட்டு எழுந்து போனால், "வயசாச்சு" என்று தள்ளாமல் டாக்டரிடம் அழைத்துப் போவதுதான் சரி.

நான் மருமகளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "காஸ் விஷயத்தைச் சொன்னபோது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "மிக்ஸியில் சட்னி அரைச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள்.

டாக்டர் பார்த்ததில் பாட்டிக்குக் காது பாதிதான் கேட்கிறது என்று தெரிந்தது. சரக்கு வாசலுக்கே வந்து சேரவில்லை. குமாஸ்தாவைத் திட்டி என்ன பயன்? ஞாபகமும் சற்றுத் தளர்ந்துதான் இருக்கிறது என்றார் டாக்டர். ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.

போன வாரம் மீண்டும் போனேன். சமையலறைக் கதவில் ஒரு சிலேட்டு தொங்கியது. அதில் பெரிய எழுத்தில், "காஸ் - வியாழன்". மாலையில் கோயிலைச் சுற்றி நடந்துவிட்டு வந்த பாட்டி, "இன்னிக்கு காஸ் வருமா?" என்று கேட்டார். சற்று நேரம் கழித்து மறுபடியும் கேட்டார்.

மருமகள் இரண்டு தரமும், அவர் எதிரே வந்து நின்று, நிதானமாகப் பதில் சொன்னாள்.