அங்கிக்கு மேலே இருக்கும் கழுத்து

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்பநலத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

எக்ஸ்ரே அறைகளிலும், இதயக் குழாய் அடைப்பை நீக்கும் கேத் லேப்களிலும், அணு மருத்துவப் பிரிவுகளிலும் பணிபுரியும் நுண்கதிர் நுட்புநர்கள், செவிலியர்கள், மருத்துவர்கள் ஆகியோரின் தைராய்டுச் சுரப்பியைக் குறித்து இம்மடல் எழுதப்படுகிறது.

இவர்கள் மார்பில் அணியும் டி.எல்.டி. பேட்ஜ், தன்மீது விழும் கதிர்வீச்சின் ஆற்றலைத் தேக்கி வைத்துக்கொண்டு, பின்னர் சூடாக்கப்படும்போது ஒளியாக வெளிவிடும் தகடுகளைக் கொண்டது. அந்த ஒளியை அளந்தே ஊழியர் ஏற்ற கதிர்வீச்சு கணக்கிடப்படுகிறது. ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30 மில்லிசீவர்ட் என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் விதித்துள்ள உச்சவரம்பு. ஆனால் பேட்ஜ் மாட்டப்படுவது ஈய அங்கிக்கு உள்ளே. தைராய்டு இருப்பதோ அங்கியின் கழுத்து வெட்டுக்கு மேலே, தோலுக்குச் சற்றே அடியில். கேத் லேபில் நோயாளியின் உடலில் பட்டுத் தெறிக்கும் சிதறல் கதிர், ஒரு கை தொலைவில் நிற்பவரின் கழுத்தைத் தடையின்றி வந்தடைகிறது. அங்கிக்குள் இருந்த பேட்ஜ் காட்டும் சிறிய எண்ணைக் கொண்டு கழுத்தும் பத்திரம் என்று முடிவுகட்டுவது, குடைக்குள் கை நீட்டிப் பார்த்துவிட்டு மழையில்லை என்பதைப் போன்றதாகும்.

இதைச் சொல்வது அச்சமூட்டுவதற்காக அன்று. கதிர்வீச்சினால் தைராய்டுப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சிறு வயதில் மிகுதி; 1986-இல் நேர்ந்த செர்னோபில் விபத்துக்குப் பின் பெருமளவில் பாதிக்கப்பட்டவர்கள் சிறுவர்களே. வயது வந்தோருக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே ஊழியர் அனைவருக்கும் கழுத்து ஸ்கேன் எடுக்கவேண்டும் என்று கேட்பதும் பொருத்தமன்று. தென் கொரியாவில் ஸ்கேன் பரிசோதனை பரவியதால், 1993-க்கும் 2011-க்கும் இடையே தைராய்டுப் புற்றுநோயாகக் கண்டறியப்பட்டவர்களின் விகிதம் 15 மடங்கானது. இறப்பு விகிதமோ மாறவில்லை. தீங்கு செய்யாமலே கிடந்திருக்கக்கூடிய கட்டிகளுக்காகப் பலர் அறுவைக்கு ஆளாயினர் என்பதே அதன் பொருள்.

அணு மருத்துவப் பிரிவின் நிலை வேறு. அங்கு மருந்தாகக் கையாளப்படும் அயோடின்-131, எட்டு நாட்களில் பாதியாகச் சிதையும் கதிரியக்கப் பொருள். திரவ வடிவில் இருக்கும்போது ஆவியாகி மூச்சோடு உள்ளே செல்லக்கூடியது. சாதாரண அயோடினுக்கும் இதற்கும் வேறுபாடு அறியாத தைராய்டு இரண்டையும் ஒருங்கே ஈர்த்துத் தன்னுள் சேர்த்துக்கொள்ளும். உள்ளே சென்ற அந்த அளவைப் பேட்ஜால் கணிக்க இயலாது. கழுத்தருகே கருவியை வைத்து எண்ணினால்தான் தெரியும்.

எனவே கேத் லேப் ஊழியர்களுக்கு அங்கிக்கு வெளியே, கழுத்தருகில் இரண்டாவது பேட்ஜும், அயோடின் கையாள்வோருக்குக் குறித்த இடைவெளியில் தைராய்டு அளவீடும் வழங்க ஆணையிட வேண்டுகிறோம். எக்ஸ்ரே எடுக்கையில் குழந்தையை உறவினரே பிடிக்கவேண்டும், ஊழியர் பிடிக்கலாகாது என்னும் வாரியத்தின் விதி, கூட்டம் மிகுந்த காலை வேளையிலும் விதியாகவே இருக்கவேண்டும். அனைத்துக்கும் முன்னதாக, அரை மில்லிமீட்டர் ஈயத்துக்கு நிகரான கழுத்துப்பட்டை அறைக்கு ஒன்று என்றில்லாமல் ஆளுக்கு ஒன்றாகக் கிடைக்கவும், மடிந்து விரிசல் கண்டதும் வெல்க்ரோ ஒட்டாமல் தொங்குவதுமான பட்டைகள் இந்த நிதியாண்டுக்குள் மாற்றப்படவும் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.