முதலில் தவறான விடை வரட்டும்

அறிவியல் காணொளி தெளிவாக இருந்தால் போதும் என்கிறார்கள். இயற்பியல் ஆசிரியையான எனக்கு அதில் உடன்பாடில்லை. 2011இல் 'வெரிட்டாசியம்' யூடியூப் சேனலைத் தொடங்கிய டெரெக் முல்லர், அதற்கு முன் சிட்னி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்ததே இதைத்தான். நேரடி விளக்கம் மாணவர்களுக்குப் பிடித்தது; மதிப்பெண் அவ்வளவாக ஏறவில்லை. தவறான எண்ணத்தை முதலில் பேசவிட்டுத் திருத்திய காணொளி குழப்பியது, ஆனால் கற்பித்தது.

மேலே எறிந்த பந்து கையை விட்ட பிறகும் அதன்மேல் மேல்நோக்கி ஒரு விசை இருப்பதாகத்தான் என் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் சொல்வார்கள். காற்றுத்தடையை விட்டுவிட்டால் புவியீர்ப்பு மட்டுமே என்று உடனே சொன்னால் தலையாட்டுவார்கள். தேர்வில் பழைய அம்புக்குறியையே வரைவார்கள்.

தமிழில் சேனல் நடத்துகிறவர்கள் அனிமேஷனைச் சற்றுக் குறைத்து, விடை சொல்லுமுன் தெருவில் நாலு பேரிடம் கேட்கட்டும். முல்லர் அப்படித்தான் கேட்டார்.